வெர்னா ஹாகன் டீசல் வண்டி வாங்கியது

கன்னிசன் ஊர் தபால் நிலையத்தில் வெர்னா ஹாகன் இருபத்தாறு வருடமாக ஒரே கவுண்டரில் நிற்பவள். அவளுக்குப் பின்னால் கடிதங்களை வகைபிரித்துப் பெட்டிகளில் போடுவது என் வேலை. அதனால் இதில் பாதி நான் பார்த்தது, மீதி அவளே சொன்னது.

அவளுக்குக் கல்யாணம், பிள்ளைகள் எதுவும் இல்லை. ஜூன், பிஸ்கட் என்று இரண்டு கோவேறு கழுதைகள் இருந்தன. ஊருக்கு வெளியே இரண்டு மைல் தள்ளி ஒருவரின் கொட்டிலை வாடகைக்குப் பிடித்து அவற்றை வைத்திருந்தாள். கோடையில் மலைப்பாதைகளைச் சீர்செய்யும் குழுக்களுக்கு மரக்கட்டை, கடப்பாரை, சாப்பாடு எல்லாம் அவற்றின் முதுகில்தான் போகும். பாதி வேலை மொனார்க் கணவாய்க்கு அந்தப் பக்கம். டிரெய்லரில் கழுதைகளை ஏற்றி, பழைய பெட்ரோல் பிக்கப்பில் இழுத்துக்கொண்டு போவாள்.

ஒரு ஆகஸ்டு மாதம், கணவாய் உச்சியைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனது. முதலில் தீய்ந்த வாடை வந்தது. பிறகு மிதித்தால் கால் தரைவரை போயிற்று. கியரைக் குறைத்து, எஞ்சின் அலற அலற, எப்படியோ ஓரமாக நிறுத்திவிட்டாள். சக்கரங்களிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. பிஸ்கட் ஒன்றும் நடக்காததுபோல் நின்றது. ஜூனுக்கு உடம்பெல்லாம் வேர்த்து முன்கால்கள் நடுங்கின. வெளியே இறக்கிவிட்டதும் அது மறுபடி டிரெய்லரில் ஏற மறுத்துவிட்டது. பக்கத்தில் லாரிகள் உறுமிக்கொண்டு போக, வெர்னா அதைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு சரிவு குறையும் இடம்வரை இரண்டு மைல் நடந்தாள். அங்கே அதை ஒரு மரத்தில் கட்டிவிட்டு, பிரேக் ஆறிய வண்டியை எடுக்க அதே இரண்டு மைலை ஏறி வந்தாள்.

அந்த வாரமே வண்டியை மாற்றுவது என்று முடிவாயிற்று. எதை வாங்குவது என்பதில்தான் பக்கத்து வீட்டு டெல் ரக்கர்ட்டோடு சண்டை. டெல் நாற்பது வருடம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்பது பெயருக்குத்தான். அவர் வாசலில் எப்போதும் யாருடைய வண்டியாவது வாயைத் திறந்துகொண்டு நிற்கும்.

"டீசல்தான் வாங்கப் போறேன்" என்றாள் வெர்னா.

"வருஷத்துல எத்தன தடவ கணவாய் தாண்டுற?"

"ஏழு. எட்டு இருக்கும்."

"மிச்ச நாளெல்லாம்?"

"வீடு, கொட்டில், தபாலாபீஸ்."

"ஒவ்வொரு ஓட்டமும் எவ்வளவு தூரம்?"

"ரெண்டு மைல்."

"அப்போ பெட்ரோல் வண்டி வாங்கு. விலையும் கொறச்சல், எவன் வேணா ரிப்பேர் பண்ணுவான். ரெண்டு ரெண்டு மைல் ஓட்டறதுக்கு டீசல் வாங்கறவன பைத்தியக்காரன்னு சொல்லுவோம். பொம்பளைய என்னன்னு சொல்றது?"

"வெர்னான்னு சொல்லு."

டெல் சிரிக்கவில்லை. "இங்க பாரு, மேடு ஏறறதுக்கு டீசல் நல்லாத்தான் இருக்கும். பதினோராயிரம் அடியில உன் பழைய எஞ்சின் மூச்சு வாங்கும், தெரியும். ஆனா அதுக்கு டர்போ வச்ச பெட்ரோல் வண்டி வந்துடுச்சு. அதுவும் இழுக்கும்."

"ஏறறதப் பத்தி யாரு பேசினா? இருபது மைல் வேகத்துல ஏறினாலும் போய்ச் சேந்துடலாம். எறங்கறதுதான் எனக்குப் பிரச்சின."

டீசல் வண்டியில் புகைக்குழாயையே அடைத்து எஞ்சினைக் கொண்டு வேகத்தைப் பிடிக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. பிரேக்கைத் தொடாமலே சரிவில் இறங்கலாம். "அது வாஸ்தவந்தான்" என்ற டெல், "ஆனா குளிர்காலத்துல எங்கிட்ட வந்து அழாத" என்று முடித்தார்.

அவள் கேட்ட நடுத்தர அளவில் டீசல் பிக்கப் புதிதாகச் செய்வதை அப்போது நிறுத்தியிருந்தார்கள். கிராண்ட் ஜங்ஷன் என்ற ஊருக்குப் போய் மூன்று வருடம் ஓடிய ஒன்றை வாங்கி வந்தாள். சாம்பல் நிறம். செப்டம்பரில் கணவாய் தாண்டினாள். இறக்கத்தில் வண்டி உறுமிக்கொண்டு தானாக வேகத்தைப் பிடித்துக்கொண்டதாம். கீழே போய் டிரெய்லரைத் திறந்து பார்த்தபோது ஜூன் புல் மென்றுகொண்டிருந்தது. மறுநாள் கவுண்டரில் தபால்தலை வாங்க வந்தவர்களுக்கெல்லாம் இதைச் சொன்னாள். அவள் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை.

குளிர்காலம் வந்தது. எங்கள் பள்ளத்தாக்கில் சைபருக்குக் கீழே முப்பது டிகிரி போவதெல்லாம் சாதாரணம். எஞ்சினை மின்சாரத்தில் சூடாக்கித்தான் காலையில் கிளப்பினாள். அதை அவள் எதிர்பார்த்தே இருந்தாள். எதிர்பார்க்காதது டிசம்பரில் வந்தது. முன்கண்ணாடிக்குக் கீழே மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்து அணையாமல் நின்றது.

டெல் ஒரு கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்போல் கையைத் துடைத்தார். சொல்லிவிட்டார்.

"நான் என்ன சொன்னேன்? புகையில வர்ற கரிய ஒரு ஃபில்டர் புடிச்சு வைக்கும். எஞ்சின் நல்லா கொதிச்சு, அர மணிநேரம் ஒரே வேகத்துல ஓடினாத்தான் அந்தக் கரி எரியும். நீ ரெண்டு மைல் ஓட்டி அணைக்கிற. அதுக்குச் சூடே ஏறல. இப்படியே போனா ஃபில்டர் அடச்சுக்கிட்டு வண்டி நின்னுடும்."

"இப்போ என்ன பண்ணணும்?"

"வாரத்துக்கு ஒரு தடவ ஓட்டு. நாப்பது மைலாவது. எங்க வேணா போ, நடுவுல நிறுத்தாத."

குளிர்காலத்தில் கிழக்கே போனால் பனி மூடிய கணவாய். மேற்கே ஏரியை ஒட்டிய நெடுஞ்சாலை. அதில் நாற்பத்தைந்தாவது மைலில் சிமரன் என்று சில வீடுகள். அங்கே வெர்னாவின் அக்கா ஓபல் இருந்தாள். இருவரும் பேசி ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

காரணம் அவர்கள் அம்மாவின் குதிரை. டஃபி என்ற வயதான பெட்டைக் குதிரை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்தில் ஓபல் அதை ஏலத்துக்கு அனுப்பிவிட்டாள். அந்த வயதுக் குதிரைகளை இறைச்சிக்காகத்தான் வாங்குவார்கள் என்று எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். வெர்னா அம்மாவின் அடக்கத்துக்கு வந்தாள், அக்காவிடம் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை சிமரன்வரை போய், ஓபலின் வேலியை ஒட்டிச் சாலை அகலமாக இருந்த இடத்தில் நிறுத்தி, குடுவையிலிருந்த காபியைக் குடித்துவிட்டுத் திரும்பினாள். டிரெய்லரோடு வருபவர்களும் அங்கேதான் திரும்புவார்கள். வேறு இடம் இல்லை என்று என்னிடம் இரண்டு முறை சொன்னாள். மஞ்சள் விளக்கு அணைந்தது. இரண்டாவது ஞாயிறும் அப்படியே. மூன்றாவது ஞாயிறு யாரோ ஜன்னலைத் தட்டினார்கள். ஓபல், ரப்பர் பூட்சும் ஆண்கள் கோட்டுமாக, கையில் பனி வாரும் மண்வெட்டியோடு நின்றாள்.

"ஏண்டி, மூணு வாரமா வந்து வந்து நிக்கிற. என் வீட்ட என்ன வேவு பாக்கிறியா?"

"ஃபில்டர் எரியணும்."

"என்னது?"

"டீசல் வண்டி. நாப்பது மைல் ஓட்டினாத்தான் கரி எரியும். அதுக்குத்தான் வரேன்."

ஓபல் வண்டியை முன்னாலிருந்து பின்னால்வரை பார்த்தாள். "நீ குடியிருக்கிறது ஆபீஸ்லேந்து கூப்பிடு தூரம். உனக்கு எவன் டீசல் வண்டிய வித்தான்?"

"நானாத்தான் வாங்கினேன்."

"அதான பாத்தேன்" என்றாள் ஓபல். மண்வெட்டியைப் பனியில் ஊன்றி வைத்துவிட்டு, "உள்ள வா. எஞ்சின அணைக்கணுமா, அப்படியே ஓடணுமா?" என்று கேட்டாள்.

அணைத்துவிட்டு உள்ளே போனாள். அன்று வண்டியைப் பற்றியும் ஓபலின் முழங்காலைப் பற்றியும் பேசினார்கள். குதிரையைப் பற்றிப் பேசவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க ஞாயிறு தவறாமல் போனாள். பன்றி இறைச்சியும் பீன்ஸும் சாப்பிட்டு, நாலு மணிக்குக் கிளம்பி, இருட்டுவதற்குள் வீடு திரும்புவாள்.

ஏப்ரலில் கொட்டில்காரர் நிலத்தை வீடு கட்டுபவர்களுக்கு விற்றுவிட்டார். மே கடைசிக்குள் கழுதைகளை அப்புறப்படுத்த வேண்டும். பள்ளத்தாக்கு முழுவதும் விசாரித்தாள். நானும் இரண்டு பேரைக் கேட்டுப் பார்த்தேன். எங்கும் இடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் இதைச் சொன்னபோது ஓபல் தட்டைப் பார்த்தபடி, "எங்கிட்ட பத்து ஏக்கர் சும்மா கெடக்கு. வேலி பாதி விழுந்திருக்கு, ஆனா வேலிதான்" என்றாள்.

வெர்னா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "டஃபிய வித்த மாதிரி இதுங்களயும் நீ வித்துட்டா?"

ஒன்பது வருடமாகச் சொல்லாததைச் சொல்லியாயிற்று. ஓபல் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தாளாம். அவள் எழவில்லை.

"மூணு நாள் உனக்கு ஃபோன் பண்ணேன். ஆபீஸுக்கும் பண்ணேன். லீவுல இருக்காங்கன்னாங்க. நீ எங்கேயோ மலைமேல கழுதைங்களோட இருந்த. இங்க பிடி வைக்கோல் இல்ல. அம்மா மாண்ட்ரோஸ் ஆஸ்பத்திரியில கண்ணு தொறக்காம கெடந்தா. குதிரை ரெண்டு நாளா தள்ளாடித் தள்ளாடித்தான் நின்னது. நான் என்ன பண்ணியிருக்கணும், நீயே சொல்லு."

"சுட்டிருக்கலாம்."

"கையில துப்பாக்கிய எடுத்தேன்" என்றாள் ஓபல். "முடியல."

வெர்னா அந்த வாரம் மலையில் இருந்தது உண்மைதான். அங்கே ஃபோன் எடுக்காது. இறங்கி வந்ததும் அம்மா இறந்த செய்திதான் முதலில் காதில் விழுந்தது. தவறிய அழைப்புகளை அவள் எண்ணிப் பார்க்கவில்லை. அன்று அவள் தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினாள். அடுத்த ஞாயிறு கம்பிச் சுருளும் ஆணியும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். இருவருமாக மூன்று வாரம் வேலி கட்டினார்கள். ஓபல் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கம்பியை இழுத்துப் பிடித்தாள்.

கழுதைகளை அங்கே விட்டுவிட்டு இங்கே குடியிருக்க முடியாது. ஜூன் மாதம் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வெர்னாவும் சிமரன் போய்விட்டாள். தினமும் நாற்பத்தைந்து மைல் வந்து, நாற்பத்தைந்து மைல் திரும்புகிறாள். டெல் இதைத் தன் வெற்றியாக எடுத்துக்கொள்வதா தோல்வியாக எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல் கொஞ்ச நாள் தபால் நிலையம் பக்கமே வரவில்லை. வந்தபோது, "இப்போதான்டி நீ வாங்கின வண்டிக்கு ஏத்த ஆளாயிருக்க" என்றார். வெர்னா அவர் பார்சலுக்கு முத்திரை குத்தி, "அடுத்தவங்க வாங்க" என்றாள்.

கழுதைகள் போன முதல் வாரமே பிஸ்கட் புது வேலியின் மேற்கு மூலையைச் சாய்த்துவிட்டு ஓபலின் காய்கறிப் பாத்தியில் போய் நின்றதாம். எந்த மூலையை யார் கட்டியது என்று அக்காவும் தங்கையும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.