அக்கா கேட்டு வாங்கிய வார்டு

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பாதிப் பேர் அக்காவிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள். மீதிப் பேர் திட்டு வாங்கியவர்கள். இரண்டையும் தாராளமாக வாங்கிய தம்பி என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி "இருந்தார்" என்று எழுத இன்னும் கை வரவில்லை.

இரத்தோட்டைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில், எங்கள் வீட்டின் மூத்த மகளாகப் பிறந்தார் அக்கா. அம்மா கொழுந்து பறித்தார். அப்பாவுக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. தோட்டப் பாடசாலையில் தொடங்கி மாத்தளையில் படித்து முடித்த அக்கா, தாதிப் பயிற்சிக்குத் தெரிவானார். சத்திரசிகிச்சை வார்டில் முதல் நியமனம் கிடைத்து வெள்ளைச் சீருடையில் வந்து நின்ற மகளை அம்மா கட்டிப்பிடிக்கவில்லை. கொழுந்துக் கறை ஒட்டிவிடும் என்று தள்ளியே நின்று அழுதார்.

கொஞ்ச காலத்தில் அக்கா தானாகவே மனநலப் பிரிவுக்கு மாற்றம் கேட்டார்.

"நல்ல வார்டு இருக்கையில யாராச்சும் இதைக் கேட்டு வாங்குவாங்களா?" என்று பெரிய மாமா வீட்டுக்கே வந்து கேட்டார். பேசி வந்த சம்பந்தமொன்றும் அதோடு நின்றுபோனது. அக்கா சொன்னதெல்லாம், "எனக்குப் பிடிச்சிருக்கு மாமா" என்பது மட்டுந்தான். ஏன் பிடித்தது என்று கடைசிவரை சொல்லவில்லை.

காரணம் நான். இதை எங்கள் சொந்தத்தில் பெரும்பாலானோர் இப்போதுதான் அறிகிறீர்கள்.

அக்கா சத்திரசிகிச்சை வார்டில் இருந்தபோது எனக்கு இருபது வயதிருக்கும். தம்புள்ளை மொத்தச் சந்தையில் ஒரு வெங்காயக் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். தூக்கம் போனது. பிறகு குரல்கள் கேட்கத் தொடங்கின. உள்ளே வரும் லொறிக்காரர்கள் எல்லோரும் என்னைப் பற்றியே பேசிக்கொள்வதாக நம்பினேன். ஒரு நாள் மூட்டைகளுக்கு நடுவில் போய் ஒடுங்கிக்கொண்டேன், வெளியே வர மறுத்தேன். முதலாளி அக்காவுக்குச் சொல்லி அனுப்பினார். பஸ் பிடித்து வந்த அக்கா என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"என்னா சொல்றாங்க தம்பி?"

"என்னையத் திட்டுறாங்க. உங்களுக்குக் கேக்கலையா?"

"எனக்குக் கேக்கலடா. ஆனா நீ பயந்து போயிருக்கிறது தெரியுது. நான் இங்கனதான் இருக்கேன். நீ எப்ப எந்திரிக்கிறியோ அப்ப போவோம்."

அக்கா பொய் சொல்லவில்லை. என்னைப் பொய்யன் என்றும் சொல்லவில்லை. வெயில் சாயும்போது நானே எழுந்து அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

நான் வார்டில் இருந்த மாதங்களில், "மகன் கொழும்புல கடையில நிக்கிறான்" என்று அம்மா எல்லோரிடமும் சொன்னார். அக்காவுக்கு இதில் சம்மதமில்லை. ஆனால் அம்மா அழுது கேட்டதால் வாயை மூடிக்கொண்டார். பிறகு ஒரு கல்யாண வீட்டில் சித்தப்பா ஒருவர் கொழும்பில் எந்தத் தெரு என்று கேட்க, நான் கடற்காற்றைப் பற்றி ஏதோ அளந்துவிட்டேன். பின்னால் நின்ற அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார்.

அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். வீட்டில் கல்யாணம் ஆகாத பெண் இருக்கிறாளே என்ற பயம் அவருக்கு. அந்தப் பெண்ணையே அத்தான் தேடி வந்து கட்டிக்கொண்டதுதான் கடவுளின் விளையாட்டு. "அந்த வார்டையே சமாளிக்கிறவங்க என்னைச் சமாளிக்கமாட்டாங்களா?" என்று பெண் பார்க்க வந்த இடத்தில் அத்தான் பகிடி விட்டார். "வார்டுல இருக்கிறவங்க சொல்பேச்சு கேப்பாங்க" என்று அக்கா திருப்பிக் கொடுத்தார்.

பிற்காலத்தில் அக்காவுக்கு வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலையும் வந்தது. நாவுல, பல்லேகம என்று பஸ்ஸிலும் நடந்தும் போவார். சிங்கள வீடென்றால் சிங்களத்தில் அதே சிரிப்பு. மனம் சுகமில்லாதவர் என்று பெயர் வந்துவிட்டால் வீட்டார் முதலில் அவரை அடுப்படியிலிருந்துதான் விலக்குவார்கள், கோப்பையைக்கூடத் தனியாக வைப்பார்கள். அதனால் அக்கா போனவுடன் அந்த நோயாளியிடமே, "எனக்கு ஒரு பிளேன்டீ ஊத்தித் தாங்க" என்பார்.

"ஐயோ மிஸ்ஸி, அவளை நெருப்புகிட்ட விடுறதில்லைங்க!"

"நான் கூட நிக்கிறேன்ல. விடுங்க."

ஒரு வீட்டில், யாரோடும் பேசாதிருந்த பெண் சீனிக்குப் பதிலாக உப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டார். அக்கா கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "அடுத்த தடவை உப்பைக் கொஞ்சம் கொறைச்சுப் போடுங்க" என்றாராம். அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தார். இதைச் சொல்லும்போதெல்லாம் அக்காவுக்குக் கண் கலங்கிவிடும். உடனே, "பஸ்ல வாறப்ப என் வயிறு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்" என்பார்.

மருந்து வேண்டாம் என்பவரிடம் முதலில் ஏன் என்று கேட்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். நானும் ஒருமுறை நிறுத்தினேன். அந்த மருந்தால் கை நடுங்கி மூட்டை நழுவியதுதான் காரணம். வேறு யாராக இருந்தாலும் என்னைத்தான் ஏசியிருப்பார்கள். அக்கா டாக்டரிடம் சண்டை பிடிக்காத குறையாகப் பேசி மருந்தை மாற்ற வைத்தார். அதற்குப் பிறகுதான் நான் சொந்தக் கடை போட்டேன், கல்யாணம் செய்தேன்.

புற்றுநோய் அவரைப் படுக்கையில் போட்ட பிறகும், நான் உள்ளே நுழைந்தால் அவர் முதலில் பார்ப்பது என் கண்களைத்தான். ஒரு காலையில் தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"நீங்க போயிட்டா எனக்கு மறுபடி வருதான்னு யாரு பார்ப்பாங்கக்கா?"

அந்த நிலையிலும் அக்காவுக்குக் கோபம் வந்தது. "சீனி வருத்தம்னா கல்யாண வீட்டுல பாயாசத்தைத் தள்ளி வச்சிட்டு ஊருக்கே கேக்கச் சொல்றீங்க. இதை மட்டும் கொழும்புக்கு அனுப்பிட்டீங்க. எல்லார்கிட்டயும் சொல்லுடா. தெரிஞ்சாத்தானே பார்ப்பாங்க."

மகளுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் இதை அச்சில் போட வேண்டுமா என்று என் மனைவி தயங்கினார். அந்தத் தயக்கம் எனக்கும் இருந்தது. மகள்தான், "எழுதுங்கப்பா. இதைப் படிச்சிட்டு வாறவங்க வரட்டும்" என்றாள்.

அக்காவை இரவு பகலாகக் கவனித்த அத்தானுக்கும் அவர்கள் மகளான என் மருமகளுக்கும், வலி தெரியாமல் வழியனுப்ப உதவிய வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், அன்று அடுப்பேற்றிச் சமைத்துக் கொடுத்த அயலவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

உங்களிடம் இன்னுமொரு உதவியும் கேட்கிறேன். நான் தூங்காமல் சிவந்த கண்ணோடு திரிந்தால், கடையைத் திறக்காமல் உள்ளேயே இருந்தால், கூப்பிட்டும் முகம் கொடுக்காமல் போனால், என் மனைவியிடம் போய்க் காதோடு காதாக விசாரிக்காதீர்கள். என்னிடமே வந்து கேளுங்கள். நான் எரிந்து விழுந்தாலும் எழுந்து போய்விடாதீர்கள். அக்கா ஒருவராகப் பார்த்துக்கொண்ட இந்தத் தம்பியை இனி நீங்கள் எல்லோரும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.