தொலைக்காட்சியில் அக்கா சிரித்தாள்

இங்கே ஜப்பானில் லிஃப்டுக்குள் யாரும் பேசுவதில்லை. அந்த அமைதியில் என் நான்கு வயது மகள் திடீரென்று கத்தினாள்: "நம்ம கைவேலைல்லா அண்ணே, புஸ்ஸுனு போகுமா?" பக்கத்து வீட்டு அம்மாள் புன்னகையோடு, குழந்தை என்ன சொல்கிறாள் என்று கேட்டார். என் அரைகுறை ஜப்பானியத்தில் "ஹனாபி" என்றேன். வாணவேடிக்கை. அவர் முகம் மலர்ந்தது. "கிரே தெஸ் நே!" அழகாக இருக்குமே என்றார். ஆமாம் என்று தலைகுனிந்தேன். அது என் அக்கா கையில் கட்டோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்று சொன்னது என்பதை எந்த மொழியில் சொல்வது?

அக்கா செல்வி கான்சாபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். பக்கத்தில் ஒரு பட்டாசு ஆலையில் வேலை. போன மாதம் அங்கே வெடிமருந்து அறை வெடித்தது. செய்தி பார்த்ததும் அவளை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, வாசலில் சாப்பாட்டுப் பையோடு வைத்துவிட்டுத்தான் போவார்கள். அது தெரிந்தும் மறுபடி மறுபடி அழைத்தேன். ராஜபாளையத்தில் அம்மா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். புகை, பட்டுச்சேலை விளம்பரம், மறுபடி அதே புகை, அதற்கொரு அதிரடி இசை. "அதையே காட்டுதான், பேரு மட்டும் போட மாட்டேங்கானே" என்று போனில் அழுதாள்.

சாயங்காலம் அக்காவே திரையில் வந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி வாசல். வெடித்தபோது எப்படி இருந்தது என்று ஒருவர் மைக்கை நீட்டினார். "நம்ம கைவேலைல்லா அண்ணே, புஸ்ஸுனு போகுமா?" என்று சொல்லி அக்கா சிரித்தாள். காட்சி அத்தோடு வெட்டப்பட்டது. அவள் உயிரோடிருக்கிறாள் என்று நானும் அம்மாவும் அழுதோம். விடிவதற்குள் அந்தச் சிரிப்பு ஊர் சுற்றக் கிளம்பிவிட்டது. தேர்தலில் தோற்றவர், பரீட்சையில் தோற்றவன், கருகிய தோசை, எல்லாவற்றுக்கும் பின்னணியில் அக்காவின் குரல். என் பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவிலும் வந்தது. அவள் என் அக்கா என்று தெரியாமல் அனுப்பினார்களா, தெரிந்தே அனுப்பினார்களா? மகள் என் போனில் அதை எப்போது பார்த்தாள் என்பதும் தெரியவில்லை.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று போனில் கேட்டேன். "அது எங்க மாரி சொல்றதுட்டி," என்றாள் அக்கா. மாரி அவளோடு ஒரே அறையில் திரி செருகியவள், அன்று இறந்துபோனாள். "சாயங்காலம் மாதிரிக்கு ஒண்ண வெடிச்சுப் பாப்பாகல்ல, அப்ப போர்மேன்ட்ட அப்படிச் சொல்லிட்டுச் சிரிப்பா. அவரும் சிரிச்சிருவாரு. டிவிக்காரன் கேக்கவும் அவ பேச்சுதான் என் வாயில வந்துச்சு. பொறவு எம்புட்டு அழுதேன் தெரியுமா. அத ஒருத்தனும் போடலயே."

சாவைப் பற்றிய கேலி கல்நெஞ்சில் பிறப்பது என்றே நினைத்திருந்தேன். இது, நாள் முழுக்க மருந்துக்கு நடுவே உட்காருகிறவள் தன் பயத்தை விரட்டச் சொன்னது. அழுகையை வெட்டிவிட்டுச் சிரிப்பை மட்டும் விற்றது வேறு யாரோ. புகைக்கும் பட்டுச்சேலைக்கும் ஒரே முகத்தை வைத்துப் பழகியவர்கள் அதைக் கேட்டுச் சிரித்ததில் வியப்பென்ன? இங்கே நில அதிர்வுச் செய்தியை அடங்கிய குரலில் வாசிக்கிறார்கள். ஆனால் இவர்களும் வீட்டுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்களோ, எனக்கென்ன தெரியும்.

மாரியின் காரியத்துக்கு முந்தின நாள் அக்கா கேட்டாள். "நாளைக்குப் போகவா, வேண்டாமா? என் தங்கச்சி செத்துக் கெடக்கா, நீ டிவியில பல்லக் காட்டுதியான்னு அவ அண்ணன் தெருவுல வச்சுக் கேட்டுட்டான்."

போ என்றேன். சொன்ன பிறகு தூக்கம் வரவில்லை. நாளை தலைகுனிந்து திரும்ப நேர்ந்தால், அது நானில்லையே.

மறுநாள் என்னை அழைத்துவிட்டு, போனை அணைக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். எங்கள் பக்கம், துக்க வீட்டுக்கு வருகிற பெண்ணை உள்ளே இருப்பவர்கள் கைநீட்டி இழுத்து, தோள் சேர்த்து, வட்டமாக அழுவார்கள். யாரும் கை நீட்டாவிட்டால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். போனில் கேட்டுக்கொண்டிருந்த ஒப்பாரி சட்டென்று நின்றது. அக்கா மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"யாரது, செல்வியா?" மாரியின் அம்மாவின் குரல். "என்னத்தப் பாத்துட்டு நிக்க? கடைசி வரைக்கும் எம்பிள்ள கூட இருந்தவ நீதானட்டி. வா இங்க."

வளையல்கள் மோதின. அழுகை வெடித்துக் கிளம்பியது. அடுத்த வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று பால்கனிக் கதவை இழுத்துச் சாத்தினேன். போனில் சத்தத்தை முழுக்க ஏற்றி வைத்துக்கொண்டு, தோள் கொடுக்க யாருமில்லாத அறையின் நடுவில் நின்றேன்.