மான்ட்ரியலில் ஊமையான கிட்டார்

2006 அக்டோபர், ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் டொரண்டோவிலிருந்து புறப்பட்டோம். மான்ட்ரியலுக்கு 540 கிலோமீட்டர். வேனை ஓட்டியவர் நான் குடியிருக்கும் வீட்டின் மேல்மாடிக்காரர், யாழ்ப்பாணத்து யோகன் அண்ணை. பின்னால் நான்கு ஆஸ்திரேலிய இளைஞர்கள். பெர்த் நகரத்து மெட்டல் இசைக்குழு, காதைப் பிளக்கும் ராக் வகை. சாமான் தூக்க ஆள் வேண்டும் என்று அண்ணை கூப்பிட்டார். மான்ட்ரியலை நான் பார்த்ததில்லை. ஏறிக்கொண்டேன்.

பாதி வழியில் கிங்ஸ்டன் தாண்டியதும், பாடவும் கிட்டார் வாசிக்கவும் செய்யும் பென் பேச ஆரம்பித்தான். பள்ளியில் படிக்கும்போது தொடங்கிய குழுவாம். ஒரே ஓர் இசைத்தட்டு. அதையும் தாங்களே கையில் எடுத்துப்போய் விற்றார்கள். டொரண்டோ வரை ஒரு பெரிய கனடியக் குழுவோடு, அவர்களுடைய கருவிகளில் வாசித்து வந்தார்கள். இனி தனியே. இன்று பிற்பகல் ஓர் இசைத்தட்டு நிறுவனத்துக்காரர் கேட்க வருகிறார். அவருக்குப் பிடித்தால் அடுத்த தட்டு. இல்லையென்றால் குழு இன்றோடு கலைகிறது. பென் இரும்புச் சுரங்க வேலைக்குத் திரும்ப வேண்டும். சாலையைப் பார்த்தபடியே சொன்னான்.

பகல் ஒரு மணிக்கு செயின்ட் லாரன்ட் தெரு. தூறல். நிலவறையில் ஓர் அரங்கம், நுழைவு பத்து டாலர், நிகழ்ச்சி மூன்று மணிக்கு. இரண்டு குழுக்கள், முதலில் இவர்கள். நேரத்தை மாற்ற முடியாது என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

பெர்த்திலிருந்து போர்வையில் சுற்றிக் கொண்டுவந்த கறுப்பு ஆம்ப்ளிஃபயரை பென் முதல்முறையாகத் திறந்தான். சுவிட்சைப் போட்டதும் சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்தது. கிட்டாரை மீட்டினான். சத்தமே இல்லை. பின்பக்கத் தகட்டில் 240 வோல்ட் என்றிருந்தது. கனடாவில் 120. எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான், படித்ததும் மின்பொறியியல். என்ன கோளாறு என்று சொல்ல முடிந்தது. அதற்கு மேல் ஒன்றும் முடியவில்லை. இரவல் கேட்கலாமென்றால் அடுத்த குழுவோ இன்னும் வந்து சேரவில்லை.

அண்ணைக்குத்தான் யோசனை வந்தது.

"அக்கா வீட்டில ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் கிடக்கு. 120ஐ 240 ஆக்கும், ஊர் கிரைண்டருக்குப் போடுறது. வா, எடுத்துக்கொண்டு ஓடி வருவம்."

நகரத்தின் வடகோடியில், கார்ட்டியர்வில்லில் அக்கா வீடு. போகும் வழியெல்லாம் சாலை வேலை, ஆரஞ்சுக் கூம்புகள். அக்கா அதைக் கழற்றித் தந்துவிட்டு, "உழுந்து ஊறிப்போச்சு, வேளைக்குக் கொண்டு வாங்கோ" என்றார். செங்கல் கட்டு போலக் கனத்தது. மடியில் வைத்துக்கொண்டேன். திரும்பும்போது நெரிசல் இன்னும் மோசம்.

படியிறங்கியபோது அடுத்த குழு மேடையில் ஏறிக்கொண்டிருந்தது. பென்னும் மற்றவர்களும் அரங்கத்து மூலையில் கிடந்த ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரில் வாசித்துப் பார்த்தார்களாம். டிரம்ஸ் சத்தத்தில் கிட்டாரே கேட்கவில்லையாம். நிறுவனத்துக்காரர் இரண்டு பாட்டு நின்றுவிட்டு, எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

எல்லாம் முடிந்து அரங்கம் காலியானபின் பென் அந்த ட்ரான்ஸ்ஃபார்மரில் ஆம்ப்ளிஃபயரைச் சொருகினான். ஒரே ஒரு தடவை மீட்டினான். நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். பென் சுவிட்சை அணைத்துவிட்டு, அது ஆறும் வரை பக்கத்திலேயே குந்தியிருந்தான்.

மற்ற மூவரும் விடுதிக்குப் போய்விட்டார்கள். ட்ரான்ஸ்ஃபார்மரைத் திருப்பித் தர பென்னும் எங்களோடு வந்தான். இனி ஊருக்குத்தான் என்றான், ஏதோ தண்டனை போல. அண்ணை வேனை வடக்கே திருப்பினார். பிறகு என்னிடம் மட்டும் தமிழில் சொன்னார்: "உவனுக்குத் திரும்பிப் போக ஓர் ஊர் கிடக்கு."

எனக்கும் ஊர் இருக்கிறது. ஆனால் பென்னைப் போலத் தோற்ற முகத்தோடு அங்கே போய் இறங்க முடியுமா என்று நினைத்தேன். கண்ணாடியில் தூறல் வழிந்தது.

சமையலறையில் அக்கா கிரைண்டரைப் போட்டார். அது முழு வேகத்தில் சுற்றுவதை பென் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

"தம்பியின்ர கச்சேரி நல்லாப் போச்சோ?" என்று அக்கா கேட்டார்.

"நல்லாப் போச்சுக்கா" என்றேன்.

என்ன கேட்கிறார் என்றான் பென். சாப்பிடச் சொல்கிறார் என்றேன்.