ஐந்தாவது மாடம்

யுத்தம் முடிந்த வருஷம் எங்கள் தெருமுனையில் அந்தத் தூணைக் கட்டினார்கள். மந்தைவெளியிலிருந்து அடையாற்றுப் பக்கம் இறங்கும் தெரு. ரங்கூனுக்குக் கூலி வேலைக்குப் போயிருந்த எங்கள் தெரு ஆண்கள் ஐந்து பேர், ஜப்பான்காரன் குண்டு போட்டதும் காட்டு வழியாக நடந்தே ஊருக்குக் கிளம்பினார்கள். ஒருவரும் வந்து சேரவில்லை. அவர்கள் நினைவாக இடுப்பு உயரத்துக்கு ஒரு செங்கல் தூண். அதில் ஆளுக்கொன்றாக ஐந்து விளக்கு மாடம். ஐந்தாவது என் வீட்டுக்காரருக்கு. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மற்ற நாலு பேர் செத்ததை, கூட நடந்து உயிரோடு திரும்பிய திருவல்லிக்கேணிக்காரர் ஒருவர் கண்ணால் பார்த்திருந்தார். என்னவரைப் பற்றி அவர் சொன்னது வேறு. "காய்ச்சலும்மா. ஒரு மரத்தடியில உக்காந்துட்டாரு. நீங்க போய்க்கினே இருங்க, பின்னால வரேன்னாரு. அப்பால நான் பாக்கல." பின்னால் வருகிறேன் என்று சொன்ன மனுஷனுக்கு மாடம் கட்ட இவர்களுக்கு என்ன அவசரம்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த மாடத்தில் விளக்கேற்றினால் அவர் செத்துப்போனது நிச்சயம் என்று ஆகிவிடும். மறுநாளே என் தாலியை வாங்கிவிடுவார்கள். ஏற்றாமல் இருக்கவும் விடவில்லை. தூண் நின்றது குழாயடிக்குப் பக்கத்தில். குடத்தை எடுத்துக்கொண்டு போனால், "பொட்டு மட்டும் பெருசா வச்சிக்கினு வர்றா பாரு" என்று முதுகுக்குப் பின்னால் கேட்கும். பிறந்த வீட்டுக்குப் போய்விடலாம் என்றால், சாந்தோம் பக்கம் இருந்த என் அண்ணன் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான்: "இன்னா ஏதுன்னு ஒரு முடிவு தெரியட்டும். அப்பால வந்து கூட்டிக்கினு போறேன்." முடிவை நான் எந்தக் கடையில் போய் வாங்குவது?

வீட்டுக்குள் வந்தால் மாமியார். நானும் அவரும் மட்டும்தான் அந்த ஒற்றை அறையில். பொழுது சாய்ந்தால் ஆரம்பித்துவிடுவார். "நாலு புள்ளைங்களுக்கு வெளக்கு எரியுது. எம்புள்ள மட்டும் இருட்டுல கீறான். ஒரு திரி போட உனக்கு மனசு வரல."

தை அமாவாசை வந்தது. காலையிலிருந்து இதே புலம்பல். சாயங்காலம் எனக்குப் பொறுமை விட்டுப்போயிற்று.

"நீதானே பெத்தவ அத்தே, நீயே போய் ஏத்து. நீ ஏத்திட்டா நானே கழட்டி உன் கையில குடுத்துட்றேன்" என்றேன்.

அவர் அகலையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். போவார் என்று நான் நினைக்கவே இல்லை. வாசலில் நின்று பார்த்தேன். கை தானாகத் தாலியைப் பிடித்துக்கொண்டது.

அகலை மாடத்தில் வைத்து, எண்ணெய் ஊற்றி, திரி போட்டார். குச்சியைக் கிழித்தார். ஏற்றித் தொலை, என்னை விட்டுவிடு என்று ஒரு மனசு. ஐயோ வேண்டாம் என்று ஒரு மனசு. இரண்டும் என் மனசுதான், பொய் சொல்லவில்லை. குச்சி விரல்வரை எரிந்து கீழே விழுந்தது. இன்னொன்று கிழித்தார். அதுவும் அப்படியே போயிற்று. குழாயடியில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

பிறகு அவர் அகலை எண்ணெய் சிந்தாமல் தூக்கிக்கொண்டு மெதுவாகத் திரும்பி வந்தார். எங்கள் வாசல்படியில் வைத்து, குனிந்து, ஒரே குச்சியில் ஏற்றினார்.

"வர்றவனுக்கு வழி தெரியட்டும்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

உள்ளே போய் அழுதேன். தாலி தப்பியதற்காக அழுதேனா, இனி இந்த வீட்டை விட்டு நான் எங்கேயும் போக முடியாது என்று அழுதேனா, எனக்கே தெரியவில்லை. மறுநாள் பொழுது சாய்ந்ததும் மாமியார் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய் வாசல் அகலில் எண்ணெய் ஊற்றினேன்.