நங்கையா ஊன்றிய முழங்கை

எங்கள் செக்கிங் மேசை ஓரத்தில் ஒரு டேபிள் ஃபேன் இருக்கிறது. கம்பிக் கூண்டு முழுக்கப் பஞ்சுத் தூசி. பனியன் கம்பெனியில் அதைப் போட்டால் தைத்து வந்த பீஸெல்லாம் பறக்கும், சூப்பர்வைசர் கத்துவார். ஆனாலும் மாதவிலக்கு நிற்கும் வயதில் எனக்கு உடம்பு திகுதிகுவென்று எரிந்தபோது, நங்கையா அதை என் பக்கம் திருப்பிவிடுவார். அடுக்கிய பீஸ்கள் பறக்காமலிருக்க அவற்றின்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, மறு கையால் பிசிறு நூலை வெட்டுவார். நங்கையா என்று நான் கூப்பிடுவது என் வீட்டுக்காரரின் அக்காவை. எனக்கு எதிரே நின்று வேலை பார்த்தவர். "ஏங்கண்ணு, உன்ற மேல தோசை சுடலாமாட்டருக்குது" என்பார். மேசையே சிரிக்கும்.

டாக்டரம்மா பிரஷர் பார்த்து, ஈசிஜி எடுத்து, குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று துருவிக் கேட்ட பிறகுதான் எனக்கு ஹார்மோன் மாத்திரை எழுதினார். எரிச்சல் அடங்கியது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எங்கள் மேசையில் மாத்திரையும் மத்தியானச் சோறு மாதிரிதான், ஒருத்தியிடம் இருந்தால் எல்லோருக்கும் பங்கு. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு ஷிப்ட் போய்விடும்.

பிறகு நங்கையாவுக்கு வியர்க்க ஆரம்பித்தது. அறுபதைத் தாண்டியவர், மாதவிலக்கு நின்று பல வருடம், பிரஷர் வேறு. ஃபேன் முன்னால் நின்றும் நெற்றி நனைந்தது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. கையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. எனக்கு எரிந்தது, அவருக்குக் குளிர்ந்தது. அந்த வித்தியாசம்கூட உறைக்காத மண்டை எனக்கு.

"எனக்கு வந்ததேதானுங்க நங்கையா. இது ஹார்ட்டுக்கும் நல்லதாமா" என்று என் மாத்திரை அட்டையில் பாதியை வெட்டிக் கொடுத்தேன்.

"இந்த வயசுல என்னைய மறுக்காக் கொமரியாக்கப் பாக்கறயா?" என்று சிரித்தபடி வாங்கிக்கொண்டார். சில நாள் கழித்து, "ஒண்ணும் கொறையலையே கண்ணு" என்றார். "பொறுங்க, மெதுவாத்தான் கேக்கும்" என்றேன். பொறுத்தார். ஒரு மத்தியானம் பீஸ்கள்மேல் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரைகூட உயிர் நிற்கவில்லை.

மாத்திரை கொடுத்ததைச் சொன்னேன். அதனால்தான் என்று சொல்ல முடியாது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அந்த வியர்வையே மாரடைப்புக்கு முன்னறிவிப்பாக இருந்திருக்கும். மாதவிலக்கு நின்று இத்தனை வருடம் கழித்து, பிரஷர் உள்ளவருக்கு அந்த மாத்திரையைப் புதிதாகக் கொடுப்பது ஆபத்து. இதயத்தைக் காக்க யாரும் அதை எழுதுவதில்லை என்றார். "முன்னமே கூட்டீட்டு வந்திருக்கலாமேங்க" என்றார் கடைசியில். சொந்தக்காரர்கள் விதி என்கிறார்கள். விதியாவது மண்ணாவது. பொறுங்க என்று சொன்ன வாய் என்னுடையது.

என் மாத்திரையை நான் இன்றும் போடுகிறேன், டாக்டரம்மா நிறுத்தச் சொல்லவில்லை. எனக்கு அது நல்லதுதான் செய்கிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மேசையில் எவளுக்காவது வியர்த்தால் கையைப் பிடித்துப் பார்க்கிறேன். "அக்கா டாக்டராயிட்டாங்கடி" என்று கேலி பேசுகிறார்கள். பேசட்டும். கை சில்லிட்டாலும் மூச்சு வாங்கினாலும் இழுத்துப்போட்டு ஆட்டோவில் ஏற்றிவிடுகிறேன்.

நேற்று மாத்திரையையும் மீறி ஒருமுறை உடம்பு எரிந்தது. யோசிக்காமல் ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டேன். பீஸெல்லாம் பறந்து தரையெங்கும் விழுந்தது.