காவல் நாய் என்று எழுதிய விண்ணப்பம்

நோர்வேயில் நாய் வளர்க்க அரசாங்கத்திடம் அனுமதிப்பத்திரம் வாங்கத் தேவையில்லை. நான் நகரசபைக்கே தொலைபேசி எடுத்துக் கேட்டேன். நான் ஏதோ சொல்லை மாற்றிச் சொல்கிறேன் என்று நினைத்து, எதிர்முனையில் இருந்த பெண் இரண்டு தடவை திருப்பிக் கேட்டார். ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து ஆகஸ்ட் இருபது வரை வெளியில் வாரில் பிடித்துக்கொண்டு போகவேண்டும், கழிவை அள்ளவேண்டும் என்றார். தொலைபேசியை வைக்கப்போகும் நேரத்தில்தான், "நீங்கள் இருப்பது பொரெட்ஸ்லாக்கிலா? அப்படியென்றால் அவர்களிடம் கேளுங்கள்" என்றார்.

பொரெட்ஸ்லாக் என்பது குடியிருப்பவர்களே உரிமையாளராக இருக்கிற கூட்டுறவுத் தொடர்மாடி. எங்களுடையது குரோருட்டில் இருக்கிறது. அதை நடத்துவது எங்களிலிருந்தே தெரிவான ஐந்து பேர் கொண்ட நிர்வாகக் குழு, ஸ்டீரெ என்பார்கள். எங்கள் கட்டடத்தில் நாய் வளர்க்கத் தடை உண்டு. ஆனால் தடை இருந்தாலும், நல்ல காரணம் இருந்து, மற்றவர்களுக்குத் தொல்லையும் இல்லையென்றால் வளர்க்கலாம் என்று சட்டம் சொல்கிறது. நல்ல காரணம். எங்களிடம் அது இருந்தது. அதைச் சொல்ல முடியாமல் இருந்ததுதான் சிக்கல்.

என் மனைவி இருபத்திரண்டு வருடம் முதியோர் இல்லத்தில் வேலை செய்தவர். இரவு முறையும் செய்திருக்கிறார், பனியில் விழுந்து எழும்பியும் போயிருக்கிறார். அப்படிப்பட்டவர், ஐப்பசி கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை, சுரங்கரயிலுக்குள் நெஞ்சு படபடத்து, கை விறைத்து, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி அங்கிருந்த வாங்கில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் போய்க் கூட்டிவந்தேன். இருதயத்தில் ஒன்றுமில்லை என்று வைத்தியர் சொன்னார். நோர்வேஜிய மொழியில் 'அங்ஸ்ட்' என்றார், பயநோய். அடுத்த கிழமை மின்தூக்கிக்குள் போகப் பயம். அதற்கடுத்த கிழமை கதவைத் தாண்டப் பயம். நத்தார்ப் பூசைக்கும் வரவில்லை. கேட்டவர்களுக்கு முழங்கால் நோ என்று சொன்னேன். அது அவர் சொல்லச் சொன்ன பொய். நானும் தயங்காமல் சொன்ன பொய்.

தை மாதம், மூன்று இராசாக்கள் திருநாளுக்கு அடுத்த சனிக்கிழமை, லில்லெஸ்ட்ரோமில் இருக்கும் மகள் தன் நாயைக் கொண்டுவந்து விட்டாள். பிறந்த குழந்தைக்கு நாயின் மயிர் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு கிழமைக்கு மட்டும் என்றாள். மண்ணிறம், ஐந்து வயது, ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். மகள் வைத்த நோர்வேஜியப் பெயர் மனைவியின் வாயில் நுழையவில்லை. பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவதுபோல "மோனை" என்றுதான் கூப்பிட்டார்.

ஐந்தாம் நாள் நான் வேலைக்குப் போயிருந்தேன். நாய் கதவைப் பிறாண்டியிருக்கிறது. வேறு ஆள் இல்லை. திரும்பி வந்தபோது மனைவியின் சப்பாத்து வாசலில் ஈரமாகக் கிடந்தது. மின்தூக்கியில் இறங்கி, முற்றத்தைச் சுற்றி, குப்பைத் தொட்டி வரைக்கும் போய் வந்திருக்கிறார். எழுபத்தொன்பது நாட்களுக்குப் பிறகு தனியாக. அன்றைய நாட்குறிப்பில் அந்த எண்ணை எழுதி அடியில் கோடு போட்டேன். ஒரு மாதத்துக்குள் கடை வரைக்கும் போனார். நாய் இல்லாமல் போய்ப் பார்த்த ஒருநாள் பாதிப் படியில் திரும்பிவிட்டார்.

ஆகவே நாய் எங்களோடேயே நிற்கவேண்டும். வைத்தியர் கேட்டவுடனேயே கடிதம் தந்தார். அரைப் பக்கம். 'அங்ஸ்ட்' என்ற சொல் அதில் மூன்று இடத்தில் இருந்தது.

"உதை அவைக்குக் குடுக்கப்போறியளோ?" என்றார் மனைவி.

"பின்னை?"

"ஸ்டீரெயிலை ஆர் இருக்கிறது எண்டு தெரியும்தானே?"

தெரியும். ஐந்து பேரில் ஒருவர் எங்கள் ஆள். மன்னாரைச் சேர்ந்தவர், அடுத்த வாசலில் குடியிருப்பவர், ஒரே தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்.

"அவை வெளியிலை கதைக்கக்கூடாது. சட்டம் இருக்கு" என்றேன்.

"எனக்குச் சட்டம் சொல்லித் தராதேங்கோ. நான் இருபத்திரண்டு வருசம் கிழடுகளின்ரை கதையெல்லாம் வாய்க்குள்ளை வைச்சிருந்தனான். எங்கடை ஆக்களுக்கு எங்கையப்பா வாய்ப்பூட்டு? சனிக்கிழமை வாசிச்சால் ஞாயிற்றுக்கிழமை பூசையிலை எல்லாரும் எனக்காக மன்றாடுவினம். விசரி எண்டு பேர் எடுக்கவோ நான்?"

கடிதம் மேசை லாச்சிக்குள் போனது. வேறு காரணம் தேடவேண்டியதாயிற்று. இரண்டு மாலை யோசித்து, நல்ல நோர்வேஜிய மொழியில் ஒரு பக்கம் எழுதினேன். நாய் பயனுள்ளது, செல்லத்துக்கு வைத்திருப்பது அல்ல என்று காட்டவேண்டும் என்பதுதான் என் எண்ணம். எனக்குத் தெரிந்து ஒரு நாயைப் பற்றிச் சொல்லக்கூடிய ஆகப் பெரிய நல்ல வார்த்தை, நல்ல காவல் என்பது. 'வக்த்ஹுண்ட்', காவல் நாய், என்று எழுதினேன். அந்நியர் மாடிப்படியில் வந்தால் உடனே அறிவிக்கும், இதனால் கட்டடம் முழுவதற்கும் பாதுகாப்பு என்றும் எழுதினேன். அதோடு நிற்காமல், இரண்டு கிழமையில் அது குரைத்த ஏழு தடவையையும் நாள், நேரம், காரணத்துடன் நாட்குறிப்பிலிருந்து எடுத்து இணைத்தேன்.

பதில் திருநீற்றுப் புதனுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை வந்தது. காவல் நாய்கள் தொடர்மாடிக்கு ஏற்றவையல்ல. மாடிப்படியில் வருகிறவர்களைப் பார்த்து நாய் குரைப்பதாக விண்ணப்பதாரரே எழுத்தில் உறுதி செய்துள்ளார், இணைப்பைப் பார்க்கவும். ஆறு கிழமைக்குள் நாயை அகற்றவேண்டும். நாட்காட்டியில் எண்ணினேன். ஆறு கிழமை, உயிர்ப்புத் திருநாளுக்கு முந்திய பெரிய வாரத்துச் செவ்வாயில் முடிந்தது.

மகள் தொலைபேசியில் கத்தினாள். "அப்பா, என்ன கோதாரிக்கு வக்த்ஹுண்ட் எண்டு எழுதினனீங்கள்? கராஜிலை கட்டி வைக்கிற கடிநாய் எண்டெல்லோ அவை நினைப்பினம்!"

"காவல் எண்டால் நல்ல நாய்தானே பிள்ளை."

"அது உங்கடை ஊரிலை. இஞ்சை நல்ல நாய் எண்டால் ஆரைக் கண்டாலும் வாலாட்டுற நாய். அது உண்மையிலை அப்பிடித்தானே! களவெடுக்க வாறவனுக்கும் வாலாட்டும்!"

உண்மை. அந்த ஏழு தடவையில் நான்கு தடவை அது குரைத்தது தூசி உறிஞ்சும் பொறியைப் பார்த்து.

குழுவின் தலைவியைத் தொலைபேசியில் பிடிக்க ஒன்பது நாள் எடுத்தது. நேர்மையான பெண், அதுதான் எரிச்சல். சொல்லைத் தவறாகப் பயன்படுத்திவிட்டேன் என்றேன். குழு எழுத்தில் இருப்பதைத்தான் பார்க்கும் என்றார். உடல்நலக் காரணம் உண்டா என்று கேட்டார். நாய் சாதுவானது என்றேன். பயிற்சி பெற்ற சேவை நாயா, கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்டும் நாய் போல மேலங்கி போட்டதா என்றார். இல்லை. அப்படியானால் வைத்தியர் கடிதம் வேண்டும். அதை நீங்கள் ஒருவர் மட்டும் பார்க்கலாமா என்று கேட்டேன். முடியாது, முடிவெடுப்பது குழு என்றார்.

மனைவியிடம் சொன்னபோது அவர் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீர் வேண்டாமெண்டு சொன்னபடியால்தான் நான் அப்பிடி எழுதினனான்" என்றேன்.

"ஓம், நான் வேண்டாமெண்டு சொன்னனான்தான். நீங்களும் சந்தோசமாத்தானே ஒத்துக்கொண்டனீங்கள். முழங்கால் நோ எண்டு ஊரெல்லாம் சொன்னது ஆர்?"

அன்றைய நாட்குறிப்பில் காலநிலையை மட்டும் எழுதியிருக்கிறேன்.

மகள் வேறு வீடு தேடினாள். நாயை எடுக்கச் சம்மதித்தது ஒரே ஒரு ஆள், வேலைக்காக நாட்டின் வடகோடியில் இருக்கும் ஹம்மர்பெஸ்ட்டுக்குப் போயிருந்த அவளுடைய சிநேகிதி. விமானத்தில் அனுப்பலாம் என்றாள். தவக்கால நான்காம் ஞாயிறு வந்து, நாயை ஏற்றுகிற கூட்டை அளவு பார்ப்பதற்காகக் கூடத்தில் வைத்தாள். நாய் தானாகவே உள்ளே போய், இடம் பிடித்துப் படுத்து, மனைவியைப் பார்த்து வாலாட்டியது.

மனைவி எழும்பிப் போய் லாச்சியைத் திறந்தார். கடிதத்தை என் கையில் தந்தார்.

"கொண்டுபோய்ப் போடுங்கோ. அந்தக் காவல் கதை ஒண்டும் சேர்த்து எழுதவேண்டாம். ஒரு சொல்லும் எழுதவேண்டாம். இது மட்டும்."

"வடிவா யோசிச்சீரோ?"

"யோசிச்சால் போடமாட்டன். போங்கோ."

நிலக்கீழ்த் தளத்தில் இருக்கும் குழுவின் தபால்பெட்டியில் போட்டேன். பெட்டி மூடிய பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன். கையை விட்டு எடுக்கமுடியாத அளவுக்கு அதன் வாய் ஒடுக்கம்.

பதினோராம் நாள் அனுமதி வந்தது. கடிதம் போட்டால் பதினொரு நாளில் முடிகிற விடயத்துக்குத்தான் நாங்கள் மூன்று மாதத்தைக் கரைத்திருந்தோம். அனுமதியிலும் நிபந்தனைகள். பொதுப் புல்வெளியில் விடக்கூடாது, மாடிப்படியில் வாரில் பிடிக்கவேண்டும். கடைசி வரி: இந்த அனுமதி இந்த நாய்க்கு மட்டுமே. அதாவது இது செத்தால், மனைவியின் பயத்தை மறுபடியும் முதல் வரியிலிருந்து நிரூபிக்கவேண்டும். தலைவிக்கு நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சலும், அந்த வரியைக் கண்டித்து ஒரு மின்னஞ்சலும் எழுதினேன். முதலாவதை மட்டும் அனுப்பினேன்.

உயிர்ப்புத் திருநாளுக்குப் பிறகு வந்த முதல் தமிழ்ப் பூசைக்கு மனைவி வந்தார். நாயைக் காருக்குள் விட்டுவிட்டு, கடைசி வாங்கின் கரையில் இருந்தார். பூசை முடிய மண்டபத்தில் கோப்பி. மன்னார்க்காரர் ரோல்ஸ் தட்டோடு நேரே எங்களிடம் வந்தார். மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"அண்ணை, நாய்ப் பிரச்சினை முடிஞ்சுதாம். நல்லது."

"உமக்குத் தெரியாததே? நீர்தானே ஸ்டீரெயிலை இருக்கிறீர்" என்றேன். என் குரலில் இருந்த காரத்தை அவர் கவனிக்கவில்லை.

"ஐயோ, நான் இருக்கேல்லை அண்ணை. தெரிஞ்ச ஆக்களின்ரை விசயம் எண்டால் இருக்கக்கூடாதெல்லோ. ரெண்டு தரமும் வெளியிலை போய் நிண்டனான். ஒரு கடுதாசியும் என்ரை கண்ணிலை காட்டேல்லை. கூட்டக் குறிப்பிலை ஒரு வரிதான் கிடந்தது: நாய், டொக்டர் கடிதம், சம்மதம்."

எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. இவரிடம் ஒருநாள் படியில் நின்று கேட்டிருந்தால் போதும். அதைவிட, முதல் கூட்டத்தில் இவர் உள்ளே இருந்திருக்கவேண்டும்; காவல் என்று ஒரு யாழ்ப்பாணத்தான் எதை நினைத்து எழுதுவான் என்பதை அந்த அறையில் விளங்கப்படுத்தக்கூடிய ஒரே ஆள் இவர்தான். ஒழுங்கு தவறாத மனிதர். வெளியே போய் நின்றிருக்கிறார்.

அவர் மனைவியின் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "அக்கா, கேக்கிறனெண்டு குறை நினைக்காதேங்கோ. நாய்க்கு என்ன வருத்தம்? கான்சரோ? டொக்டர் கடிதமெல்லாம் குடுக்கிறதெண்டால்..."

நான் வாயைத் திறந்தேன். முழங்கால், வயது, குளிர் என்று ஏதாவது வந்திருக்கும்.

"நாய்க்கு ஒரு வருத்தமும் இல்லை" என்றார் மனைவி. "கடிதம் எனக்கு. எனக்குத்தான் வெளியிலை போகப் பயம். நாய் வந்தால் போவன்."

மன்னார்க்காரர் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்து மேசையில் கதை நின்றுவிட்டது.

"ஓ" என்றார். பிறகு, "முழங்கால் எண்டெல்லோ அண்ணை சொன்னவர்" என்றார்.

"அவர் சொல்லுவார்" என்ற மனைவி, தட்டிலிருந்து ஒரு ரோலை எடுத்துக் கடதாசியில் சுற்றினார். "இஞ்சருங்கோ, கார்த் திறப்பைத் தாங்கோ. அது தனிய நிக்குது."

நானும் வருகிறேன் என்றேன். கோப்பியைக் குடித்து முடிக்கச் சொன்னார். திறப்பை வாங்கிக்கொண்டு, மேசைகளுக்கு நடுவால், பார்க்கிறவர்கள் பார்க்க, வாசலுக்குப் போனார். கதவுப்பிடியில் கை வைத்தபடி ஒருமுறை நின்றார். நான் எழும்பினேன். அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டார்.