பிரேக் கல்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. ஆனால் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை, ஏனென்றால் பயம் வந்தால் நான் நடுங்க மாட்டேன், கத்துவேன். ராஸ் அல் கைமாவில், மலையடிவாரத்து சிமென்ட் ஃபாக்டரி ஒன்றின் ஸ்டோரில் ஹெல்பராக இருந்தபோது எங்கள் கேம்ப் முழுக்க என் சத்தம் கேட்கும். "புதுக்கோட்டைக்காரன் முழிச்சிட்டான், அலாரம் வேணாம்" என்பான் என் ரூம்காரன். குரைக்கிற நாய் கடிக்காது என்பதை அவன் ஒருவன்தான் கண்டுபிடித்து வைத்திருந்தான்.

கேம்ப்பில் அறுபது எழுபது சைக்கிள்கள் இருந்தன. ஃபாக்டரிக்கு பஸ் உண்டு. மலை மேலே பாறை உடைக்கிற கிரஷருக்கு பஸ் கிடையாது. அங்கே டியூட்டி உள்ளவர்கள் சைக்கிளில்தான் போக வேண்டும். போகும்போது பாதித் தூரம் தள்ளிக்கொண்டே ஏற வேண்டும். வரும்போது மிதிக்கவே வேண்டாம், வண்டி தானாக ஓடும். பயமே அதுதான். மூன்று வளைவு திரும்பி, கடைசியில் நேராக இறங்கி, ஜல்லி டிப்பர்கள் ஓடுகிற மெயின் ரோட்டில் போய் முட்டும் அந்தப் பாதை. நான் ஊரிலிருந்து வருவதற்குச் சில நாள் முன்னால் ஒருவர் பிரேக் இல்லாத வண்டியில் இறங்கி டிப்பருக்கு அடியில் போய்விட்டார். அவருடைய சைக்கிளைக் கேம்ப் வாசலில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். முன்சக்கரம் சுட்ட அப்பளம் மாதிரி மடிந்திருந்தது. நான் வந்து இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது அதுதான்.

எங்கள் கேம்ப் பாஸ் ஒரு மலையாளி. தமிழும் பேசுவார், இந்தியும் பேசுவார், எல்லாவற்றிலும் மலையாளம் தூவியிருக்கும். சைக்கிள்களை எல்லாம் அள்ளி ஸ்கிராப்பில் போடப்போகிறேன் என்று மெஸ்ஸில் நின்று அறிவித்தார். கிரஷர் பையன்கள் முகம் செத்துப்போனது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

"சார், நான் ஊர்ல சைக்கிள் கடைல வேல பாத்தவன். இவனுங்க எல்லாம் ரிப்பேர் கத்துக்கிட்டா பிரேக்கு ஏன் சார் போவுது?"

"சரி, நீ படிப்பிச்சோ" என்றார். "இனி ஒரு ஆக்சிடென்ட் ஆச்சுன்னா சைக்கிள் எல்லாம் ஸ்கிராப். நீ நாட்டுக்கு."

அப்படித்தான் ஆரம்பித்தது எங்கள் வெள்ளிக்கிழமைப் பட்டறை. மெஸ்ஸுக்குப் பின்னால், மெஷின் வந்த மரப்பெட்டிகளைப் பிரித்து நாங்களே அடித்த ஒரு ஷெட். மேலே தார்ப்பாய். காலையிலிருந்து ஜும்மா தொழுகை வரைக்கும் வகுப்பு. பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். எல்லாம் இருபதை ஒட்டிய வயசு. எனக்கே அப்போது இருபத்தாறுதான். தமிழன், தெலுங்கன், நேபாளி, பங்களாதேஷ்காரன், பீகாரி என்று எல்லாம் கலந்த கூட்டம். பஞ்சர் ஒட்டுவது, செயின் சேர்ப்பது, சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பது, பிரேக் ஒயர் மாற்றுவது, இவ்வளவுதான் பாடம். எனக்குத் தெரிந்த இந்தி நாற்பது சொல் இருக்கும். அதில் வினைச்சொல் ஒன்றுகூடக் கிடையாது. "பாய், இதர் டைட். இதர் லூஸ். ஜல்தி மாஃபி. அச்சா. கலாஸ்." இதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வண்டியை முழுசாகப் பிரித்து மாட்டச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், நம்புங்கள்.

வெளியே பார்க்க உற்சாகமாகத்தான் இருந்தது. உள்ளே எனக்கு ஒவ்வொரு வெள்ளியும் பயந்தான். வண்டிகளைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒவ்வொரு நட்டையும் இரண்டு தடவை தொட்டுப் பார்ப்பேன். கொடுத்த பிறகு அவர்கள் பின்னாலேயே வாசல் வரைக்கும் ஓடி மறுபடி தொட்டுப் பார்ப்பேன். யாராவது சிரித்தால் கத்துவேன். அந்த அப்பளச் சக்கரம் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

என்னிடம் வந்தவர்களில் கெட்டிக்காரன் ஒரு பீகாரிப் பையன். கிரஷரில் ஜல்லி சலிக்கிற இடத்தில் வேலை, அதனால் புருவத்தில்கூட எப்போதும் வெள்ளைத் தூசி இருக்கும். என்னை வாத்தியார் மாதிரி உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவான். நான் கத்தினால் மற்றவர்கள் முறைப்பார்கள், அவன் தலையாட்டிச் சிரிப்பான். என் வாயிலிருந்து எது வந்தாலும் அவனுக்கு அது வேதவாக்கு. அந்த நம்பிக்கைதான் எனக்கு எமனாக வந்தது.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் அவன் தன் சைக்கிளை ஷெட்டில் விட்டுவிட்டு, பிரேக் பிடிக்கவில்லை என்று கையால் காட்டிவிட்டுப் போனான். பார்த்தேன். பிரேக் கட்டைகள் தேய்ந்து இரும்பு தெரிந்தது, ஒயர் இரண்டும் நைந்திருந்தன. ஒயரை அன்றைக்கே மாற்றினேன். கட்டைக்கு டவுனில் கீழக்கரைக்காரர் கடையில் சொல்லி வைத்திருந்தேன். வியாழன் சாயங்காலம் வரும். வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் மாட்டிக் காட்டினால் பாடமாகவும் ஆகும் என்று நினைத்தேன். கட்டை மாட்ட ஒயரை மறுபடி கழற்றத்தானே வேண்டும்? அதனால் ஒயர்களைப் பிடிக்கிற நட் இரண்டுக்கும் ஸ்பானர் போடவில்லை. விரலால் முறுக்கி மட்டும் விட்டேன்.

மறுநாள் விடியற்காலை ஃபாக்டரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. ஷெட் பக்கத்தில் அந்தப் பையன் சைக்கிள் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"உஸ்தாத்! பிரேக்?"

நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி என் பெரிய தொண்டையால் கத்தினேன். "பிரேக் கல்! கல்!"

"அச்சா!" என்று கையை ஆட்டினான்.

என் ரூம்காரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பம்பாயில் நாலு வருஷம் இருந்தவன், இந்தி தண்ணி பட்ட பாடு. "என்னடா சொன்ன அவங்கிட்ட?" என்றான்.

"பிரேக்கு நாளைக்குன்னு சொன்னேன். ஏன், கல்னா நாளைக்குத்தானே?"

"நாளைக்கும் கல்தான். நேத்தும் கல்தான்."

"என்னாது?"

"இந்தில ரெண்டுக்கும் ஒரே வார்த்தைடா. பின்னாடி வர்ற வார்த்தைய வச்சுத்தான் நேத்தா நாளைக்கான்னு தெரியும். நீதான் பின்னாடி ஒண்ணுமே சொல்ல மாட்டியே, மகராசா!" என்று சிரித்தவன், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "ஏன்டா, என்னாச்சு?"

முந்தின நாள் வண்டியை விட்டவன் அவன். 'பிரேக், நேற்று' என்றால் நேற்றே முடித்துவிட்டேன் என்றுதானே எடுத்துக்கொள்வான்? திரும்பிப் பார்த்தேன். கேம்ப் வாசலில் புழுதி மட்டும் தெரிந்தது.

அந்த நட் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். லேசாகப் பிடித்துப் பார்த்தால் பிரேக் பிடிக்கும். புது ஒயர் வேறு, ஜோராகப் பிடித்த மாதிரியே இருக்கும். அழுத்திப் பிடித்தால்தான் ஒயர் வழுக்கி லீவர் செத்துப்போகும். ஏற்றத்தில் யாரும் அழுத்திப் பிடிப்பதில்லை. வளைவுகளில்கூட லேசாகப் பிடித்தே திரும்பிவிடலாம், கடைசி நேர் இறக்கத்தில்தான் அழுத்திப் பிடிப்பார்கள். அவன் ஷிப்ட் முடிவது மத்தியானம் இரண்டு மணிக்கு. அப்போது மணி ஆறுகூட ஆகவில்லை.

"கிரஷர் ஃபோர்மேனுக்கு ஒரு போன் போடு, முடிஞ்சிது" என்றான் ரூம்காரன். நியாயந்தான். ஸ்டோரில் போன் இருந்தது. எடுத்தேன். ஃபோர்மேன் ஏன் எதற்கு என்று கேட்பான், கேம்ப் பாஸ் காதுக்குப் போகும், சைக்கிள் எல்லாம் ஸ்கிராப், நான் ஊருக்கு. வைத்துவிட்டேன். ஒன்பது மணிக்கு மறுபடி எடுத்து, இரண்டு நம்பர் அழுத்தி, மறுபடி வைத்தேன். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலை முழுக்க என் கண்ணில் முதலில் வந்தது ஏர்போர்ட்டில் பெட்டியோடு நிற்கிற என் முகம். அவன் முகம் அதற்குப் பிறகுதான் வந்தது.

பன்னிரண்டு மணிக்குச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, அப்படியே மடித்து வைத்தேன். அவன் வண்டியை எடுத்தே இருக்க மாட்டான் என்று எனக்கு நானே சொன்னேன். எடுத்திருந்தாலும் தள்ளிக்கொண்டு வருவான் என்றேன். பகவானே, இந்த ஒரு தடவை மட்டும் என்றேன். ஒரு மணிக்கு மேல் முடியவில்லை. சூப்பர்வைசரிடம் வயிறு சரியில்லை என்றேன். கேட்டைத் தாண்டியதும் மலைப்பாதைப் பக்கம் ஓட ஆரம்பித்தேன்.

கடைசி இறக்கத்தின் அடியில் போய் நின்றபோது மூச்சு வாங்கியது. பக்கத்தில் மெயின் ரோட்டில் டிப்பர்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. மேலே மூன்றாவது வளைவில் முதலில் ஒரு நேபாளி வந்தான். பிறகு இரண்டு பேர். பிறகு அவன். சட்டை காற்றில் உப்ப, ஜம்மென்று உட்கார்ந்து வந்தான். என்னைப் பார்த்ததும் ஒரு கையைத் தூக்கி ஆட்டினான்.

"பிரேக் கல்!" என்று கத்தினேன். வேறு சொல் வாயில் வரவில்லை. "கல்! பிரேக் கல்!"

"ஹான் உஸ்தாத், கல்!" என்று சந்தோஷமாகத் திருப்பிக் கத்தினான்.

அடப்பாவி, என்ன செய்வேன்? அப்போதுதான் இல்லை என்பதற்கு எல்லா நாட்டுக்காரனுக்கும் புரிகிற அந்த அரபிச் சொல் வந்தது. "மாஃபி! பிரேக் மாஃபி! மாஃபி!"

அவன் முகம் மாறியது. இரண்டு லீவரையும் அழுத்தினான். இரண்டும் கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொண்டதை நான் பார்த்தேன். காலை ஊன்றினான், செருப்பு பிய்ந்து பறந்தது. மெயின் ரோட்டில் டிப்பர் ஹார்ன் அடித்தது. அவன் ஹேண்டில் பாரை ஒடித்து, ஓரத்தில் கொட்டிக் கிடந்த ஜல்லிக் குவியலில் வண்டியோடு போய் விழுந்தான். டிப்பர் எங்களைத் தாண்டிப் போனது. நான் போய்த் தூக்கியபோது அவனுடைய வலது கை முழங்கைக்குக் கீழே தப்பான பக்கம் மடங்கியிருந்தது.

கம்பெனி கிளினிக்கில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது கேம்ப் பாஸ் வந்துவிட்டார். என்ன ஆச்சு என்று இந்தியில் அவனைக் கேட்டார். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பட்டறை போய்விடுமே என்று நினைத்தானோ, உஸ்தாத் மாட்டிக்கொள்வாரே என்று நினைத்தானோ, தெரியாது. "மேரி கல்தி, சாப்" என்றான். என் தப்புதான் என்கிறான்.

கேம்ப் பாஸ் என் பக்கம் திரும்பினார். "பிரேக் நீதானே நோக்கியது? இவன்கிட்ட எந்தா பறஞ்ஞே?"

"நாளைக்குன்னு சொன்னேன் சார். பிரேக்கு நாளைக்குத்தான்னு சொன்னேன்."

பொய் இல்லை. ஆனால் நான் அதைத் தமிழில் சொன்னேன். தமிழில் நாளை என்றால் நாளைதான், அதற்குள் நேற்று ஒளிந்துகொள்ள இடமில்லை. 'கல்' என்ற அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் போதும், இந்தி தெரிந்த அந்த மனுஷனுக்கு அடுத்த நொடியே எல்லாம் விளங்கியிருக்கும். சொல்ல வாயைத் திறந்தேன். கேம்ப்பையே எழுப்புகிற தொண்டை, சத்தம் வரவில்லை. அதற்குப் பதிலாகக் கையைக் கூப்பிக்கொண்டு, "பாவம் சார், சின்னப் பையன், தெரியாம பண்ணிட்டான், மன்னிச்சு விடுங்க சார்" என்று கெஞ்சினேன். என் தப்புக்கு அவன் பேரில் மன்னிப்புக் கேட்டேன்.

அவர் மன்னிக்கவில்லை. நாளைக்கு என்று சொல்லியும் கேட்காமல் வண்டியை எடுத்தான் என்று ஆக்சிடென்ட் ரிப்போர்ட்டில் எழுதினார். சொல் கேட்காதவன், ஒடிந்த கை, கிரஷருக்கு உதவ மாட்டான் என்று கம்பெனி அவனை விசா கேன்சலில் ஊருக்கு அனுப்ப முடிவு செய்தது. என்னிடம், "கிளாஸ் நிறுத்தண்டா, நடக்கட்டும். சைக்கிளும் இருக்கட்டும். நீ சரியாத்தான் பறஞ்ஞிருக்கே" என்றார். விஷயம் தெரிந்த ஒரே ஆள் ரூம்காரன். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, விடு" என்றான். யாருடைய தலைடா, யாருடைய தலைப்பாகை என்று அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். அவனும் வெளியே சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ஊருக்குப் போகிற அன்று அவன் ஷெட்டுக்கு வந்தான். கழுத்திலிருந்து தூளி கட்டித் தொங்கிய கை. அவன் சைக்கிளுக்குப் புதுக் கட்டைகள் போட்டு, நட்டை ஸ்பானரால் இறுக்கி நிறுத்தியிருந்தேன். இடது கையால் லீவரை அழுத்திப் பார்த்தான். சக்கரம் நின்றது. வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சைகை காட்டினான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "உஸ்தாத், ஆப்னே மேரே லியே சாப் சே பாத் கியா. ஷுக்ரியா" என்றான்.

நாற்பது சொல்லுக்கு மேல் இந்தி தெரியாத எனக்கு அன்றைக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. எனக்காக நீங்கள் சாப்பிடம் பேசினீர்களே, நன்றி என்கிறான். நான் கைகூப்பிக் கெஞ்சியதை அவன் பார்த்திருக்கிறான். என்ன மொழியில் என்ன சொன்னேன் என்று அவனுக்குத் தெரியாது. வெளியே வேன்காரன் ஹார்ன் அடித்தான்.

நான் "அச்சா" என்றேன்.